கைவிளக்கு பொய் சொன்னதா?

இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை பள்ளிப் பிள்ளைகள் எழுதுபவை. வானவில் ஏன் வளைந்திருக்கிறது, கிணற்று நீர் காலையில் ஏன் வெதுவெதுப்பாக இருக்கிறது என்று கேட்பார்கள். இம்முறை நாம் எடுத்துக்கொண்டிருப்பது ஓர் இளந்தாயின் கடிதம். பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று அவர் கேட்டிருக்கிறார், அவ்வாறே செய்கிறோம்.

அவருக்கு இது இரண்டாம் பேறு. ஆதலால் புகுந்த வீட்டிலேயே தங்கியிருந்தார். மூன்றாம் நாள் மருத்துவமனையிலிருந்து குழந்தையோடு வீடு திரும்பியபோது அடைமழை பிடித்துக்கொண்டது. ஊரில் மின்சாரம் இல்லை. சாரலுக்கு அஞ்சிச் சன்னல்களையும் சாத்திவிட்டார்கள். நான்காம் நாள் இரவு மாமியார் டார்ச் விளக்கை அடித்துக் குழந்தையைப் பார்த்து, "நிறம் நல்லாத்தான் இருக்கு, காமாலை ஒண்ணுமில்லை" என்றார். மறுநாள் இரவும் அதே விளக்குத்தான். இப்போது தாயின் கண்ணுக்குக் குழந்தை மஞ்சளாகப் பட்டது. "அத்தை, பிள்ளை மஞ்சளா இருக்கிற மாதிரி இல்லையா?" என்று கேட்டார். "லைட்டே மஞ்சளாத்தான் எரியுது. இதோ பாரு, வெள்ளைத் துணியும் மஞ்சளாத்தான் தெரியுது" என்பது மாமியாரின் பதில்.

ஆறாம் நாள் காலை மழை விட்டது. வீடு தேடி வந்த கிராம சுகாதாரச் செவிலியர் குழந்தையை முற்றத்து வெளிச்சத்தில் வாங்கிப் பார்த்த மாத்திரத்தில், "உடனே கிளம்புங்கள்" என்று சொல்லிவிட்டார். இரத்தப் பரிசோதனையில் காமாலை உறுதியாயிற்று. மூன்று நாள் நீல விளக்கின் கீழ்க் குழந்தையைக் கிடத்தினார்கள். இறைவன் அருளால் பிள்ளை இப்போது நலம். வீடுதான் நலமாக இல்லை. "கண்ணால் கண்டதை மாமியார் வேண்டுமென்றே மூடி மறைத்துவிட்டார்" என்கிறார்கள் பெண்ணின் பிறந்த வீட்டார். "டார்ச் ஒருநாள் வெள்ளையாகவும் மறுநாள் மஞ்சளாகவும் எரிந்ததற்கு நானா பொறுப்பு?" என்று அழுகிறார் மாமியார். ஞானஸ்நானத்துக்கு நாள் குறிக்கக்கூட இரு வீட்டாரும் ஒன்றாக உட்கார மறுக்கிறார்களாம். "அது பழைய குண்டு பல்பு டார்ச் அல்ல, புதிதாக வாங்கிய எல்.இ.டி. டார்ச். அது நிறம் மாறி எரியுமா?" என்பதே கடிதத்தின் கேள்வி.

எரியும். அந்த மாமியார் டார்ச்சைப் பற்றிச் சொன்னது உண்மை. குழந்தையைப் பற்றிச் சொன்னதுதான் தவறிப்போயிற்று. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் நிகழ முடியும் என்பதைப் பார்ப்போம்.

பழைய டார்ச்சின் சங்கதி எளியது. அதன் பல்பினுள் மயிரிழை போன்ற டங்ஸ்டன் கம்பி மின்சாரத்தால் பழுக்கக் காய்ந்து ஒளி விட்டது. கொல்லன் உலையில் இரும்பு முதலில் செக்கச் சிவந்து, பின்னர் மஞ்சளாகி, மேலும் காய்ந்தால் வெண்மை காட்டுவதை நாம் கண்டிருக்கிறோம். பல்பின் இழையும் அப்படித்தான். பாட்டரிக் கட்டை தீரத் தீர இழையின் சூடு குறையும். வெளிச்சம் மஞ்சளாகி, செம்மஞ்சளாகி, கடைசியில் நெருப்புக் கங்கு போல் ஆகிவிடும். நள்ளிரவுத் திருப்பலிக்கு வரப்பு வழியே நடந்து போனவர்களுக்கு அந்தச் சிவப்பு ஓர் எச்சரிக்கை: கட்டை மாற்ற வேண்டும் என்று விளக்கே சொல்லிவிடும். மஞ்சள் ஒளி என்றால் கட்டை தீர்கிறது என்று மூத்த தலைமுறையினர் மனத்தில் பதிந்திருப்பதில் வியப்பில்லை.

எல்.இ.டி.யில் இழை கிடையாது; எதுவும் காய்ந்து எரிவதில்லை. 'ஒளி உமிழும் டையோடு' என்று பாடநூல்கள் அதற்குப் பெயர் தருகின்றன. கடுகளவான ஒரு சில்லு. அதன் வழியே மின்சாரம் பாயும்போது சில்லின் உள்ளமைப்பினாலேயே ஒளி பிறக்கிறது. சில்லு எந்தப் பொருளால் ஆனதோ அதற்கு உரிய நிறம்தான் வரும். அமெரிக்காவில் நிக் ஹோலோன்யாக் 1962ஆம் ஆண்டு செய்து காட்டியது சிவப்பு. அதன்பின் மற்ற நிறங்கள் வந்தன; பிரகாசமான நீலம் மட்டும் முப்பது ஆண்டுகள் கைக்கு எட்டாமலே இருந்தது. காலியம் நைட்ரைடு என்னும் பிடிவாதமான பொருளோடு பல்லாண்டுகள் போராடி ஜப்பானியர் மூவர், இசாமு அகாசாக்கி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நாகமுரா, அதைச் சாதித்தார்கள். நாகமுரா பணியாற்றிய நிச்சியா நிறுவனம் 1993இல் பிரகாசமான நீல எல்.இ.டி.யை அறிவித்தது. மூவருக்கும் 2014ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. நீல விளக்கு ஒன்றுக்கா நோபல் பரிசு என்று கேட்பவர்கள் உண்டு. அந்த நீலம் கிடைத்ததால்தான் நம் வீட்டு எல்.இ.டி. விளக்குகளின் வெள்ளை கிடைத்தது.

ஏனெனில் நம் டார்ச்சில் இருப்பதும் நீலச் சில்லுதான். நம்பாதவர்கள் விளக்கை அணைத்துவிட்டு அதன் முகப்பைக் கூர்ந்து நோக்கட்டும். (எரியும்போது பார்க்காதீர்கள்; கண்ணுக்கு ஆகாது.) சில்லின்மேல் மஞ்சள் நிறமாக ஒரு பூச்சுத் தெரியும். இட்ரியம், அலுமினியம் ஆகியவை கலந்த ஒருவகைப் படிகத்தில் சீரியம் என்ற தனிமத்தைச் சிறிதளவு சேர்த்து அரைத்த ஒளிர்தூள் அது. சில்லில் பிறந்த நீல ஒளியில் ஒரு பகுதியை இத்தூள் விழுங்கி, அதை மஞ்சள் ஒளியாக மாற்றி வெளியிடுகிறது. விழுங்கப்படாத நீலம் அப்படியே வெளியேறுகிறது. நீலமும் மஞ்சளும் சேர்ந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தோன்றுகின்றன. வண்ணக் குழம்பில் நீலத்தையும் மஞ்சளையும் குழைத்தால் பச்சை வரும் என்று பிள்ளைகள் குறுக்கிடலாம். குழம்பின் கணக்கு வேறு, ஒளியின் கணக்கு வேறு. மஞ்சள் பாரித்த வேட்டியை அலசும்போது அம்மா நீரில் சொட்டு நீலம் கலக்கிறார்களே, அதன்பின் வேட்டி வெளுப்பாகத் தோன்றுகிறதல்லவா? அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மீண்டும் தேவைப்படும்.

பழைய குறுந்தகடு ஒன்று வீட்டில் கிடந்தால் இதைக் கண்ணாலேயே காணலாம். இருட்டறையில் டார்ச் ஒளியைத் தகட்டின் பளபளப்பான பக்கத்தில் சாய்வாக விழச் செய்து, சுவரில் விழும் வண்ணப் பட்டையைப் பாருங்கள். நீலம் தனியே பளிச்சென்று நிற்கும்; அதை அடுத்து ஒளி மங்கிய ஓர் இடைவெளி; அதற்கப்பால் பச்சை, மஞ்சள், செம்மஞ்சள் என்று அகன்ற பட்டை. சூரிய ஒளியில் இந்த இடைவெளி இராது.

ஆக, வெள்ளை எல்.இ.டி. ஒளி என்பது ஒரு கலவை. காப்பியில் பாலும் டிகாக்ஷனும் போல. எது கூடினாலும் குறைந்தாலும் நிறம் மாறிவிடும். டார்ச் எரிந்துகொண்டிருக்கும்போதே இந்தக் கலவையைக் கெடுப்பவை முக்கியமாக இரண்டு: ஒன்று சூடு, மற்றொன்று மின்னோட்டம்.

எல்.இ.டி. சூடாவதில்லை என்பது பலருடைய எண்ணம். அது தவறு. அதன் ஒளிக்கற்றையில்தான் சூடு இல்லை. சில்லுக்குச் செல்லும் மின்சாரத்தில் பாதிக்கு மேற்பட்டது வெப்பமாகவே மாறி, சில்லின் அடிப்புறம் வழியாக டார்ச்சின் உடலுக்குள் இறங்குகிறது. நல்ல டார்ச்சுகளின் உடலை அலுமினியத்தால் செய்வது இந்த வெப்பத்தை வெளியேற்றத்தான். மலிவான பிளாஸ்டிக் டார்ச்சில் வெப்பத்துக்குப் போக்கிடம் கிடையாது. சில்லின் தலையிலேயே ஏறி நிற்கிறது. ஒளிர்தூள் சூடேறினால் அதன் திறன் தளரும். நீலத்தை மஞ்சளாக மாற்றும் வேலை குறைந்தால் மாறாத நீலம் கூடுதலாக வெளியேறும். ஏற்றிய சில நிமிடங்களில் ஒளி நீலம் பாரித்துப் போவதன் காரணம் இதுதான். மிகையான மின்சாரத்தால் வாட்டி எடுக்கும் டார்ச்சில் ஒளி கருநீலச் சாயலாகவே ஆகிவிடுவதுண்டு. அதை அப்படியே எரியவிட்டால் பூச்சும் சில்லும் நிரந்தரமாகவே பழுதாகும்.

மின்னோட்டத்தின் கதை இதைவிட நுட்பமானது. சில்லின் நீலம் ஏறக்குறைய 450 நானோமீட்டர் அலைநீளம் கொண்டது. ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. மின்னோட்டம் அதிகமாகப் பாயும்போது இந்த நீலம் சற்று ஊதாப் பக்கமாகவும், குறையும்போது சற்றுப் பச்சைப் பக்கமாகவும் நகர்கிறது. சில நானோமீட்டர்கள்தாம், ஆயினும் எந்த நீலத்தை எவ்வளவு விழுங்குவது என்பதில் ஒளிர்தூளுக்கு விருப்பு வெறுப்பு உண்டாகையால் கலவை மாறிவிடுகிறது.

இனி அந்த வீட்டு டார்ச்சுக்கு வருவோம். மூன்று கட்டை போடும் மலிவான டார்ச் என்று கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறார். ஒரு கட்டைக்கு 1.5 வோல்ட் வீதம் புதிதாக 4.5 வோல்ட். நீலச் சில்லுக்கு வேண்டியதோ சுமார் 3 வோல்ட்தான். இத்தகைய டார்ச்சுகளில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சுற்று பெரும்பாலும் இருப்பதில்லை. ஒரு சிறு மின்தடை இருந்தால் அதுவே பெரிது. எனவே புதுக் கட்டை போட்ட அன்று சில்லுக்குள் மிகையான மின்சாரம் பாய்ந்து, சூடும் ஏறி, ஒளி நீலவெண்மையாக வீசும். இரவெல்லாம் எரிந்து கட்டைகள் தளர்ந்தபின் மின்னோட்டம் சிறுத்து, சில்லு குளிர்ந்து, ஒளி மங்கி, மஞ்சளும் இளம்பச்சையும் கலந்த சாயலுக்கு வந்துவிடும். பழைய பல்பைப் போல் அது சிவந்து போவதில்லை. அருகருகே வைத்துப் பார்த்தால்தான் தெரியும் அளவுக்கு மெல்லிய மாற்றம். நான்காம் நாள் இரவுக்கும் ஐந்தாம் நாள் இரவுக்கும் இடையே நடந்தது இதுவே என்று கொள்ள இடமுண்டு.

விலையுயர்ந்த டார்ச்சுகளில் மின்னோட்டத்தை ஒரே அளவில் வைத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் விளக்கை அணைத்து ஏற்றி ஒளியைக் குறைக்கும் முறை உண்டு. அவற்றில் நிறம் அவ்வளவாக மாறாது. ஆனால் அவற்றிலும் ஒரு சங்கடம்: கட்டை தீரும்வரை ஒரே பிரகாசமாக எரிந்துவிட்டுத் திடீரென்று நின்றுவிடுபவை பல. பழைய டார்ச் போல முன்னறிவிப்புத் தருவதில்லை. வயல்வெளியில் நடப்பவர்கள் கையில் மாற்றுக் கட்டை வைத்துக்கொள்வது நல்லது.

ஒளிவட்டத்தின் நடுவில் நீலமும் ஓரத்தில் மஞ்சள் வளையமும் தெரிவது ஏன் என்று சிலர் கேட்கக்கூடும். அது கோளாறு அன்று. பூச்சின் வழியே நேராக வரும் ஒளியைவிடச் சாய்வாக வரும் ஒளி கூடுதலான தூளைக் கடந்து வருகிறது. ஆதலால் அதில் மஞ்சள் மிகுதி. ஒரே விளக்கின் நடுப்பகுதியில் குழந்தையின் முகமும் ஓரத்தில் கால்களும் இருந்தால் இரண்டும் இரு நிறமாகத் தெரியும் என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறோம்.

போதாக்குறைக்கு நம் கண்ணும் ஒரு வேடிக்கை செய்கிறது. ஒரே நிற வெளிச்சத்தில் சற்று நேரம் இருந்தால், அதையே வெள்ளை என்று கண் ஏற்றுக்கொண்டுவிடும். வெளிச்சம் மிக மங்கினாலோ, நிறம் அறியும் உறுப்புகள் ஓய்ந்து, நிறமறியாத வேறு உறுப்புகள் கண்ணில் வேலையை ஏற்றுக்கொள்கின்றன. அந்தி மயங்கும் வேளையில் செம்பருத்திப் பூ கறுத்து, இலை மட்டும் துலக்கமாகத் தெரிவது இதனால்தான். செக் நாட்டு அறிஞர் புர்க்கின்யே 19ஆம் நூற்றாண்டிலேயே இதைக் குறித்து வைத்தார்.

இப்போது சொட்டு நீலத்தை நினைவுகூருங்கள். நீலம் மிகுந்த ஒளியில் மெல்லிய மஞ்சள் மறைந்துவிடும்; மஞ்சள் பாரித்த வேட்டியை நீலம் வெளுப்பாகக் காட்டுவது போலத்தான். நான்காம் நாள் இரவு மாமியார் மஞ்சளைக் காணவில்லை என்றால், அவர் கண்ணில் குறையென்று சொல்ல முடியாது. மனத்தில் களங்கமென்று சொல்ல நமக்கு ஒரு முகாந்தரமும் இல்லை. ஐந்தாம் நாள் இரவு ஒளி மஞ்சள் பாரித்திருந்தது. குழந்தையும் மஞ்சள், துணியும் மஞ்சள். அவர் துணியை ஒப்பிட்டுப் பார்த்ததே அறிவுள்ள செயல். ஆனால் எல்லாமே மஞ்சளாகத் தெரியும் வெளிச்சத்தில் எது உண்மையில் மஞ்சள் என்று ஒருவராலும் சொல்ல இயலாது. "காமாலை இல்லை" என்பதற்குப் பதிலாக "இந்த வெளிச்சத்தில் தெரியவில்லை" என்று அவர் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல்லில்தான் பிழை. மருமகளின் ஐயத்தை அவர் தட்டிக் கழித்ததையும் நாம் நியாயப்படுத்தப் போவதில்லை. தாயின் ஐயம் விடியும்வரையேனும் காத்திருக்கத் தகுதியுடையது.

பச்சிளங்குழந்தையின் காமாலை அரிய நோய் அன்று. நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளில் பத்துக்கு ஆறு பேருக்கு முதல் வாரத்தில் ஓரளவு மஞ்சள் தென்படும். பழைய இரத்த அணுக்கள் சிதையும்போது உண்டாகும் பிலிருபின் என்னும் மஞ்சள் பொருளை வெளியேற்றக் குழந்தையின் ஈரல் இன்னும் பழகாததே காரணம். பெரும்பாலும் தானே சரியாகிவிடும். அளவு மீறினால் மூளையையும் செவிப்புலனையும் தாக்கும் என்பதால்தான் அச்சம். பார்ப்பதானால் பகல் வெளிச்சத்தில், சன்னலருகே பார்க்க வேண்டும். நம்மவர் மாநிறமும் கருநிறமும் உடையவர்களாகையால் தோலைவிடக் கண்ணின் வெண்மையும் ஈறும் தெளிவாகக் காட்டும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தென்பட்டாலும், மஞ்சள் கால்வரை இறங்கினாலும், குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து தூங்கினாலும், மலம் வெளிறிப் போனாலும் விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். எவ்வளவு காமாலை என்பதை எந்த வெளிச்சத்திலும் கண்ணால் அளக்க இயலாது. இரத்தப் பரிசோதனையோ அதற்கென்று உள்ள கருவியோதான் சொல்லும். கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பிக் கேட்பவர்கள் கவனிக்க: கைப்பேசியின் விளக்கும் இதே நீலமும் மஞ்சளும்தான், போதாமல் படத்தின் நிறத்தைக் கருவி தானாகவே வேறு திருத்திவிடுகிறது.

குழந்தையைக் குணமாக்கிய நீல விளக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1956ஆம் ஆண்டு இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் பகுதியின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில், குறைமாதக் குழந்தைகளைக் கவனித்த சிஸ்டர் வார்டு என்பவர் வெயில் நாள்களில் குழந்தைகளை முற்றத்துக்கு எடுத்துச் செல்வது வழக்கம். (அங்கே மூத்த செவிலியரைச் சிஸ்டர் என்பார்கள், கன்னியர் என்று கொள்ளவேண்டாம்.) ஒரு குழந்தையின் மேனி வெளுத்திருக்க, போர்வையின் மூலை மூடியிருந்த முக்கோண இடம் மட்டும் மஞ்சளாகவே இருந்ததை அவர் மருத்துவர்களுக்குக் காட்டினார். டாக்டர் கிரெமரும் உடன் பணியாற்றியவர்களும் அதைத் தொடர்ந்து ஆராய்ந்து 1958இல் ஒளிச் சிகிச்சை பற்றி எழுதினார்கள். 460 முதல் 490 நானோமீட்டர் வரையுள்ள நீல ஒளி தோலுக்குள் புகுந்து, பிலிருபினை ஈரலின் உதவி இன்றியே வெளியேறத்தக்க வடிவுக்கு மாற்றுகிறது. இன்று பல மருத்துவமனைகளில் அந்த ஒளியைத் தருபவை நீல எல்.இ.டி.க்களே, மஞ்சள் தூள் பூசப்படாதவை. இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டு டார்ச்சால் குழந்தைக்குச் சிகிச்சை செய்யப் புறப்பட்டுவிடக் கூடாது. அதன் ஒளி எவ்வகையிலும் போதாது. கண்ணைக் கட்டி, அளவு பார்த்து, மருத்துவர் மேற்பார்வையில் செய்ய வேண்டியது அது.

டார்ச்சைத் தூக்கி எறிந்துவிடலாமா என்று மாமியார் கேட்கச் சொன்னதாகக் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறது. வேண்டாம், அம்மா. கொல்லைப்புறம் போகவும் கோவிலுக்கு நடக்கவும் அது நன்றாகவே உதவும். கட்டைகள் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். பழையதும் புதியதும் கலந்து போட்டால் பழையது கசிந்து டார்ச்சை அரித்துவிடும். நெடுநாள் பயன்படுத்தாவிட்டால் கட்டைகளைக் கழற்றி வையுங்கள். இக்கடிதத்தையும் பதிலையும் சம்பந்தி வீட்டாருக்குப் படித்துக் காட்டுவதில் நமக்கு ஆட்சேபம் இல்லை.